சூரியகாந்தியின் முதுகு

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர் வடகரை, ஆய்க்குடி என்று அடுத்தடுத்து ஊர்கள். ஆடி, ஆவணியில் அங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும், கேரளத்திலிருந்து கார்களில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். குற்றாலத்தில் ஒரு குளியல், வழியில் புரோட்டா, அப்புறம் மஞ்சள் வயலுக்கு நடுவில் நின்று ஒரு படம். இதில் மாலை வெயிலில் படம் நன்றாக விழும் என்று கணக்குப் போட்டு ஐந்து மணிக்கு வருகிறவர்கள்தான் ஏமாந்துபோவார்கள். சூரியன் மேற்கே மலைக்கு மேல் நிற்கும். பூக்கள் அத்தனையும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கும். வெயில் பக்கம் நின்று எடுத்தால் பூவின் பின்புறம்தான் விழும். மறுபக்கம் போனால் பூவின் முகம் இருட்டு.

சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி உண்மை. பூ விரியாத இளஞ்செடிதான் அப்படித் திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் தலை மெல்ல மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து, விடிவதற்குள் தலையைக் கிழக்கே கொண்டுவந்துவிடுகிறது. பூ மலர்ந்து தண்டின் வளர்ச்சி நின்றதும் இந்த ஆட்டம் முடிந்துவிடும். கிழக்கே பார்த்தபடியே நின்றுவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2016-ல் இதற்கான காரணத்தையும் காட்டினார்கள். தொட்டிச் செடிகளைத் திருப்பி, சில பூக்களை மேற்கே பார்க்க வைத்தார்கள். காலையில் கிழக்கே பார்த்த பூக்களுக்கு ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தன. கிழக்குப் பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிறது, தேனீக்கு அந்தச் சூடு பிடிக்கிறது. மேற்கே பார்த்த பூவுக்குப் பக்கத்தில் ஹீட்டர் வைத்துச் சூடேற்றியபோது அங்கேயும் தேனீ கூடியது!

வயல்காரருக்கு முகத்தைவிட முதுகு முக்கியம். பூக்கொண்டையின் பின்புறம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளாக வந்தால்தான் அறுவடைக்குத் தயார் என்று பொருள். அந்த நேரத்தில் முன்பக்க இதழெல்லாம் வாடி உதிர்ந்து, தலை கவிழ்ந்து, பார்க்கவே சகிக்காது. படம் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

இந்தச் செடியின் பெயரைப் பார்த்துவிட்டு, ஏதோ காலங்காலமாக நம் மண்ணில் இருந்தது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சங்கப் பாட்டில் சூரியனைத் தொடர்கிற பூ நெருஞ்சி. குறுந்தொகையில் ஒரு தலைவி, அவன் ஞாயிறு போன்றவன், என் தோள் நெருஞ்சி போன்றது என்று தோழியிடம் சொல்கிறாள். அப்போது சூரியகாந்தி இரண்டு கடல்களுக்கு அப்பால், வட அமெரிக்காவில் மட்டும்தான் இருந்தது. மருந்துப் பேச்சு வரும்போது இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பழங்குடிகள் இதைப் பயிராக்கிவிட்டார்கள். மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா இனத்து மூதாட்டி ஒருவர் தன் வேளாண்மை அனுபவத்தை விவரமாகச் சொல்லி, அது 1917-ல் அச்சில் வந்தது. வசந்தத்தில் முதலில் விதைக்கும் விதை சூரியகாந்திதான், அதையும் வயலின் ஓரத்தில்தான் ஊன்றுவார்கள் என்கிறார். நம் ஊரில் வரப்போரம் ஆமணக்கும் துவரையும் போடுவது போல. விதையை மண்சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, மாவை உருண்டை பிடிப்பார்கள். போருக்குப் போகிறவன் அப்படி ஒரு உருண்டையைக் காட்டெருமையின் இதயத் தோலில் சுற்றி இடுப்புப் பையில் வைத்துக்கொள்வான். தூக்கமும் களைப்பும் அழுத்தும்போது எடுத்துக் கொஞ்சம் கடித்துக்கொள்வான். எள்ளுருண்டை என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெகுகாலம் அது தோட்டத்து அழகுப் பூதான். எண்ணெய்ப் பயிராக்கியது ரஷ்யா. நோன்புக் காலத்தில் பல கொழுப்புகளைத் தேவாலயம் விலக்கி வைத்திருந்தது, புதிதாக வந்த சூரியகாந்தி அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் மக்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1829-ல் அலெக்சேயெவ்கா என்ற ஊரில் போகரேவ் என்ற பண்ணையடிமை கைச்செக்கில் எண்ணெய் பிழிந்து காட்டினார். அதன்பின் ஆலைகள் பெருகின. 20-ஆம் நூற்றாண்டில் கிராஸ்னதாரில் பூஸ்தவோய்த் என்ற பயிர் விஞ்ஞானி வருடக்கணக்கில் விதை தேர்ந்தெடுத்து, விதையின் எண்ணெய் அளவை முப்பது சதவீதச் சொச்சத்திலிருந்து ஐம்பதை ஒட்டிக் கொண்டுவந்தார். 1969-ல் இந்தியா சோவியத் ரஷ்யாவிலிருந்து வாங்கி வந்தது இந்த வழியில் வந்த ரகங்களைத்தான். ‘பெரதோவிக்’ அதில் ஒன்று. நிலக்கடலை மழையை நம்பிக் கிடந்த காலம், சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மூன்றே மாதத்தில் விளைகிற, எந்தப் பட்டத்திலும் போடக்கூடிய ஒரு எண்ணெய் வித்து கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆக, நம் மண்ணில் இதற்குப் பயிர் வயது அறுபதுகூட ஆகவில்லை.

பயிர் செய்வதில் பெரிய வித்தை இல்லை என்றுதான் முதலில் தோன்றும். வீரிய ஒட்டு ரகம் என்றால் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை, வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி. கரிசலோ செம்மண்ணோ, தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். 85 முதல் 95 நாளில் கைக்கு வந்துவிடும். மொட்டு வைக்கும்போதும் பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் மண் காயக் கூடாது. பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவிப்போகும், கொண்டையும் அழுகும். அதனால் விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிக்க வேண்டும். அறுத்த விதையை உடனே திருப்பி விதைக்கவும் முடியாது. ஒன்றரை மாதமாவது உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

சிக்கல் மணி பிடிப்பதில் இருக்கிறது. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூ அல்ல, ஒரு ஊர். ஓரத்தில் இருக்கும் மஞ்சள் இதழ்கள் வெறும் விளம்பரப் பலகை. அவற்றில் விதை வராது. நடுவில் நெருக்கி அடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில், சில கொண்டைகளில் ஆயிரத்துக்கு மேலும், சின்னஞ்சிறு பூக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விதை. வெளி வட்டத்திலிருந்து உள்ளே, வட்டம் வட்டமாக ஒரு வாரம் பத்து நாள் பூத்துக்கொண்டே போகும். ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் பெரும்பாலும் சரியாகச் சேராது, தேனீதான் வேறு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். தேனீ குறைந்தால் விதை உருவாகும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு. முக்கியமாக நடு வட்டத்தில்.

அதனால்தான் இந்தப் பயிருக்கு என்றே ஒரு விசித்திரமான வேலை இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், பனி உலர்ந்த பிறகு, கையில் மெல்லிய மல் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கொண்டையாக முகத்தைத் தடவிக்கொண்டே போக வேண்டும். குழந்தைக்குப் பவுடர் போடுவது போலத்தான். இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்துச் செடி இரண்டை வளைத்து, முகத்தோடு முகம் வைத்து மெதுவாகத் தேய்த்துவிடுவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பூப்பு முடியும் வரை. அரை மணி நேரத்தில் துணி மஞ்சளாகிவிடும். கையும் முகமும் அரிக்கும். ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வைத்தால் இந்தச் சிரமம் பெருமளவு குறையும். பெட்டியையும் வைத்துவிட்டுக் காலையில் பூச்சிமருந்தும் அடித்தால், அது சம்பளத்துக்கு ஆள் வைத்து அடித்து விரட்டிய கதைதான். மஞ்சள் இதழ் விரியத் தொடங்கும் சமயத்தில் லிட்டருக்கு இரண்டு கிராம் வெண்காரம், அதாவது போராக்ஸ், கலந்து கொண்டையில் படும்படி தெளிப்பதும் மணி பிடிக்கத்தான். போரான் சத்து குறைந்த மண்ணில் இதைத் தவறவிட்டால் விளைச்சலில் அடி தெரியும்.

அப்புறம் கிளி. மணி பால் பிடிக்கும் பருவத்தில் விடிந்ததும் கூட்டமாக இறங்கும். வெயில் ஏறினால் போய்விடும். சாயங்காலம் மறுபடி வரும். கவிழ்ந்த கொண்டையின் மேல் உட்கார்ந்து, தலையைக் கீழே வளைத்து, ஒரு விதையைப் பிடுங்கித் தோலை உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் தின்னும். தகர டப்பா, பட்டாசு, பளபளப்பு ரிப்பன், எதுவும் நாலு நாளைக்கு மேல் செல்லாது. ஊரில் ஒருவர் மட்டும் சூரியகாந்தி போட்டால், கிளி அத்தனையும் அவர் வயலுக்குத்தான். ஊரே சேர்ந்து போட்டால் சேதம் பங்காகும். ஒரு ஊரில் இந்தப் பயிர் விடைபெறத் தொடங்கினால் மொத்தமாகவே போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

போய்த்தான்விட்டது. 1990-களின் நடுவில் இந்தியாவில் இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் சூரியகாந்தி இருந்தது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். 1997-ல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பக்கம் ஒரு புது நோய் தென்பட்டது. இலை கருகி, தண்டு முறுக்கி, கொண்டை கோணலாகிச் செடி பட்டுப்போகும். புகையிலையில் வருகிற ஒரு வைரஸ்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பார்த்தீனியம் அந்த வைரஸை நோயே இல்லாமல் சுமந்துகொண்டு வேலியோரம் செழிப்பாக நிற்கும். அதன் மகரந்தத்தோடு இலைப்பேன் வயலுக்குக் கொண்டுவரும். பார்த்தீனியம் இல்லாத வேலியை எங்கே தேடுவது? இன்னொரு பக்கம் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போனது. கிளித் தொல்லையும் கைத்துணி வேலையும் இல்லாத பயிர், விவசாயி மாறினார்.

எல்லாவற்றுக்கும் மேலே இறக்குமதி. நாம் ஆண்டுக்கு இருபத்தைந்து லட்சம் டன்னுக்கு மேல் சூரியகாந்தி எண்ணெய் வாங்குகிறோம். உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா மூன்றும்தான் முக்கியக் கடைகாரர்கள். 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் தெருமுனை பஜ்ஜிக்கடை வரை அதன் சூடு தெரிந்தது. சரி, விலை ஏறினால் நம் விவசாயிக்கு நல்லதுதானே என்றால், அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் விலை விழுந்தது. 2023 ஜூனில் ஹரியானாவின் குருக்ஷேத்திரத்தில், ஆதரவு விலை 6,400 ரூபாய்க்கு விதையைக் கொள்முதல் செய்யச் சொல்லி விவசாயிகள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். காகிதத்தில் நல்ல விலைதான். அந்த விலைக்கு வாங்க ஆள் நிற்க வேண்டுமே.

அடுப்படிக்கு வருவோம். கடையில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டுகளின் முகத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொய் இல்லை. ஆனால் கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் இருப்பது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதிலும்தான் அது கிடையாது. பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், அதாவது ஒமேகா-6 வகைக் கொழுப்பு. ஒமேகா-3 அநேகமாக இல்லை. நெய், வனஸ்பதி, பாமாயில் ஆகியவற்றுக்குப் பதிலாக இதைச் சேர்த்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இருக்கிற சமையலோடு இதையும் கூடுதலாக ஊற்றினால் எந்தப் பயனும் இல்லை, கலோரிதான் ஏறும்.

இதே லினோலிக் அமிலம்தான் இதன் பலவீனமும். திரும்பத் திரும்பச் சூடுபடுத்தினால் சீக்கிரம் சிதைந்து, ஆல்டிஹைடு வகை நச்சுப் பொருள்கள் உண்டாகும். வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து மறுநாள் அப்பளம், அதற்கு மறுநாள் தாளிப்பு என்று ஓட்டுகிற வீட்டுக்கு இது ஏற்ற எண்ணெய் அல்ல. உணவகங்களில் பொரிக்கிற எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. ஓலிக் அமிலம் கூடுதலாக உள்ள சூரியகாந்தி ரகங்களின் எண்ணெய் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்; அது வேண்டுமென்றால் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

செக்கில் ஆட்டிய சூரியகாந்தி எண்ணெய் குளிரில் கலங்குவதைப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. விதையின் மேல்தோலில் மெழுகு இருக்கிறது. ஆலைகளில் எண்ணெயைக் குளிரவைத்து அதைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். செக்கில் அந்த வேலை கிடையாது, அவ்வளவுதான்.

எனக்கு எண்ணெயைவிட விதை பிடிக்கும். நூறு கிராம் பருப்பில் புரதம் 20 கிராம், வைட்டமின் ஈ 35 மில்லிகிராம், மக்னீசியம் 325 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு கைப்பிடி தின்றால் ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஈ-யில் பாதிக்கு மேல் வந்துவிடும். வறுத்துக் காய்ந்த மிளகாய், பூண்டு, உப்போடு இடித்தால் இட்லிப்பொடி. ஊறவைத்து அரைத்தால் குருமாவில் முந்திரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு. ஒரு முறை பணியார மாவில் இந்த விதையை அரைத்துச் சேர்த்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் போட்டேன். சுட்டு எடுத்துப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பாசி படிந்த மாதிரி பச்சை. கெட்டுப்போன விதை என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் பச்சையாகும், தின்றால் ஒன்றும் செய்யாது என்று. கொட்டியது கொட்டியதுதான். கொஞ்சம் புளித்த மோரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நிறம் மாறாது.

மாடியில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் விற்கும் தோல் நீக்கிய பருப்பை ஊன்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள், தோலோடு இருக்கும் விதை வேண்டும். பெரிய தொட்டி, நாளுக்கு ஆறு மணி நேர வெயில், நட்ட இடத்திலேயே வளரவிடுவது, உயரமானால் ஒரு முட்டுக்கொம்பு. தலையைக் கிழக்கே காட்டிக்கொண்டு நிற்கும் என்பதை மனதில் வைத்துத் தொட்டியின் இடத்தை முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பூ பக்கத்து வீட்டுக்காரருக்கு, முதுகு உங்களுக்கு.

மருந்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் சூரியகாந்தி இதழ்க் கஷாயம், வேர்க் கஷாயம் என்று சுற்றுகிறது. ‘சித்தர்கள் சொன்ன’ என்று ஒரு முன்னொட்டும் இருக்கும். வட அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்து சேர்ந்த செடியைப் பழைய சித்தர்கள் எந்தப் பாட்டில் வைத்திருக்க முடியும்? இதற்கு என்று நாட்டு வைத்தியம் இல்லாமல் இல்லை. அது வேறு நாட்டு வைத்தியம். அமெரிக்கப் பழங்குடிகளில் டகோட்டா மக்கள் மார்வலிக்குப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறார்கள். ஜூனி மக்களின் வைத்தியத்தில் வேரைப் பாம்புக்கடிக்குப் பயன்படுத்திய பதிவு உண்டு. ரஷ்யாவில் காய்ச்சலுக்கு இதழை ஊறவைத்துக் கொடுத்தார்கள். இவையெல்லாம் பதிவுகள்தான், மருந்தாக நிரூபணமானவை அல்ல. பாம்பு கடித்தால் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. ஆயில் புல்லிங் பரவிய நாட்களில் நல்லெண்ணெய்க்கு இணையாகச் சூரியகாந்தி எண்ணெயையும் சொன்னார்கள். வாய்ச் சுத்தத்துக்குச் சிறிது உதவலாம். சர்க்கரையும் மூட்டுவலியும் தீரும் என்பது துண்டுப்பிரசுரப் பேச்சு.

உண்மையான மருத்துவச் சேதி தோலில் இருக்கிறது, அதைப் பேசுகிறவர்கள் குறைவு. டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில், 33 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளின் உடம்பில் தினமும் சூரியகாந்தி எண்ணெயை மெல்லத் தடவிப் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தையின் தோல் முழுதாக உருவாகியிருக்காது, கிருமி அதன் வழியே உள்ளே போய்விடும். தோலின் தடுப்பைக் கட்ட உடம்புக்கு லினோலிக் அமிலம் தேவை, அது இந்த எண்ணெயில் நிறைய இருக்கிறது. 2005-ல் வெளியான முடிவில், எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய் 41 சதவீதம் குறைவாக இருந்தது. கைக்கு எட்டும் விலையில் இருக்கும் ஒரு சமையல் எண்ணெய் செய்த வேலை இது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் பச்சிளங்குழந்தைக்குப் பாட்டிலைத் திறந்துவிட வேண்டாம். அது மருத்துவர் மேற்பார்வையில், பக்குவப்படுத்திய எண்ணெயைக் கொண்டு நடந்தது. நிறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணெய் தடவியதில் பலன் இவ்வளவு தெளிவாக வரவில்லை. பெரியவர்களின் வறண்ட தோலுக்கு ஆலிவ் எண்ணெயைவிட இது நல்லது என்று 2013-ல் ஒரு சிறிய சோதனை காட்டியது. விதைக்கோ மகரந்தத்துக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது, உதடு வீங்கினால் உடனே நிறுத்த வேண்டும்.

சூரியனைத் தொடரும் மஞ்சள் பூவில் சித்த மருத்துவம் சொல்லும் மருந்து வேண்டும் என்று கேட்டால், அது நெருஞ்சி. நீர்க்கடுப்புக்கும் நீரடைப்புக்கும் நெருஞ்சிக் குடிநீர் இன்றைக்கும் கொடுக்கிறார்கள். தென்பக்கத்து வயல் வரப்புகளிலும் அது படர்ந்துதான் கிடக்கிறது, சட்டைப் பொத்தான் அளவுப் பூவோடு. சூரியகாந்தியைப் படம் எடுக்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு, காலில் முள் ஏறும்போதுதான் அது தெரியவரும்.